உற்சாகத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலின் 513 படிகளில் ஏறும் கூட்டத்தைப் பார்த்தவர்கள், பினாங்குத் தமிழருக்கு உடம்பு வளையாது என்று சொல்லத் துணிய மாட்டார்கள். முட்டிவலிக்காரர், தொப்பை சரிந்தவர், இடுப்பில் பிள்ளையைச் சுமந்தவர், பால்குடம் ஏந்திய பாட்டி என எல்லாரும் ஏறுகிறார்கள். அவர்களில் பலர் அடுத்த பூசம் வரை ஓர் ஏற்றத்தையும் மிதிக்கப் போவதில்லை. மன உறுதி இல்லாத கூட்டம் என்று ஏசி என்ன பயன்? பூசத்தன்று அவர்களை மேலே ஏற்றியது எது என்று பாருங்கள். நாள் குறித்தாகிவிட்டது. இடம் தெரியும். வீடே கிளம்புகிறது. நேர்த்திக்கடன் பாக்கி இருக்கிறது. வழிநெடுகத் தண்ணீர்ப்பந்தல் வேறு. சாதாரணச் செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை. இருப்பது சோபாவும் கைப்பேசியும்தான்.

இதை வேடிக்கையாகப் பேசிக் கடந்துவிட முடியாதபடி நம் நிலைமை இருக்கிறது. சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் தனியாக எடுத்தால் அது 31.4 விழுக்காடு. 2023ஆம் ஆண்டு ஆய்வின்படி நாட்டில் பாதிப் பேருக்கு மேல், அதாவது 54.4 விழுக்காட்டினர், அதிக எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. இந்த எண்களைக் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிவிட்டது. பயமுறுத்தினால் ஆட்கள் எழுந்து நடப்பார்கள் என்றால், இந்நேரம் கர்னி டிரைவில் கால் வைக்க இடம் இருக்காது.

பயமுறுத்தல் ஏன் வேலை செய்வதில்லை என்பதற்கு 2002இல் வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வு நல்ல சான்று. மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவிடம் உடற்பயிற்சியைக் குறித்துவைக்கச் சொன்னதோடு சரி. இரண்டாம் குழுவுக்கு, உடற்பயிற்சி இதயநோயை எப்படித் தடுக்கிறது என்று விளக்கும் வாசகங்களையும் கொடுத்தார்கள். மூன்றாம் குழு அதே வாசகங்களைப் படித்ததோடு, அடுத்த வாரம் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் பயிற்சி செய்வேன் என்று எழுதிக் கொடுத்தது. வாரத்தில் ஒரு முறையாவது 20 நிமிடம் பயிற்சி செய்தவர்கள் முதல் குழுவில் 38 விழுக்காடு, இரண்டாவதில் 35. எழுதிக் கொடுத்த குழுவில் 91. அறிவுரை ஒன்றையும் அசைக்கவில்லை, நாளும் நேரமும் இடமும் அசைத்தன. ஆகவே இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுத் தலையாட்டுவதால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தாளில் எழுதுங்கள்: ‘திங்கள், புதன், வெள்ளி. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் முன், யூத் பார்க். அரை மணி நேரம்.’ அதை ஒருவரிடம் காட்டுங்கள். மனைவியிடமோ கணவரிடமோ காட்டினால் தப்பிக்க வழி குறைவு.

எவ்வளவு தேவை? பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பும், இரண்டு நாள் தசைக்கு வேலை தரும் பயிற்சியும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி. மிதம் என்றால் பேச முடியும், பாட முடியாது. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய விதியையும் அது கைவிட்டுவிட்டது. கொம்தார் பேருந்து நிலையத்துக்கு எட்டி நடப்பதும், அடுக்குமாடியில் மின்தூக்கியை விட்டுவிட்டு நாலு மாடி ஏறுவதும் கணக்கில் சேரும்.

பழக்கமாக எத்தனை நாள் ஆகும் என்பதை லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். 2010இல் அச்சான அந்த ஆய்வில் சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. காவடிக்காக ஒரு மண்டலம் விரதமிருக்கும் நம்மவர்களுக்கு 66 நாள் எட்டாத தூரமில்லை. இன்னொன்றும் அதில் தெரிந்தது: நடுவில் ஒரு நாள் தவறிப்போனால் பழக்கம் உடைந்துவிடுவதில்லை. ‘நேற்று விட்டுப்போச்சு, இனி எதுக்கு’ என்பவர்கள்தான் உண்மையில் கைவிடுகிறார்கள்.

இடத்துக்கு இந்தத் தீவில் பஞ்சமில்லை. 1884இல் சார்லஸ் கர்டிஸ் பொறுப்பில் தொடங்கிய தாவரவியல் பூங்கா இருக்கிறது. அதன் வாசலருகிலிருந்து பினாங்கு மலை உச்சிக்கு ஏறும் ஜீப் பாதை ஏறக்குறைய 5 கிலோமீட்டர். விடிகாலையில் அங்கே போய்ப் பாருங்கள். பணி ஓய்வு பெற்ற சீனப் பெரியவர்கள் கைத்தடியோடு கூட்டம் கூட்டமாக ஏறுவார்கள். வழியில் ‘84’ என்ற இளைப்பாறும் இடத்தில் தன்னார்வலர்கள் போட்டுத்தரும் தேநீருக்காகவே ஏறுகிறவர்களும் உண்டு. அந்த அங்கிள்களுக்கு நம்மைவிட இரும்பு மனசு என்று நான் நினைக்கவில்லை. போகாவிட்டால் ‘நேற்று ஏன் காணோம்?’ என்று கேட்க அங்கே நாலு பேர் இருக்கிறார்கள், அவ்வளவுதான். நமக்கும் அப்படிக் கேட்க ஆள் வேண்டும். கோயில் குழுவிலோ, பிள்ளைகளின் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் வட்டத்திலோ இருவர் கிடைத்தால் போதும்.

நேரம் இல்லை என்கிறவர்களில் பாதிப் பேர் சாக்குச் சொல்கிறார்கள். மறுபாதி சொல்வது நிஜம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடித்து வேனில் தூங்கி வழிந்து வீடு சேரும் பெண்ணிடம் போய் ‘மனமிருந்தால் மார்க்கமுண்டு’ என்று சொல்வது அநியாயம். அவருக்கு முதலில் தெரிய வேண்டியது சட்டம். வேலைவாய்ப்புச் சட்டத்தின் திருத்தப்படி 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேரத்தின் உச்சவரம்பு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. அதே திருத்தம், வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்தில் விண்ணப்பிக்கும் வழியையும் தந்தது. முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணம் காட்ட வேண்டும். கேட்டால் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் கேட்பதற்கு உரிமை இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது.

இனி பணத்துக்கு வருவோம். ஊக்கம் உச்சத்தில் இருக்கும் நாளில்தான் நாம் ஏமாறுகிறோம். புத்தாண்டு, மருத்துவர் திட்டிய நாள், கல்யாணத்துக்கு மூன்று மாதம் முந்திய நாள். உடற்பயிற்சி மையத்தின் விற்பனையாளருக்கு இந்த நாட்கள் நம்மைவிட நன்றாகத் தெரியும். அமெரிக்காவில் டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்ற இரு பொருளியலாளர்கள் மூன்று மையங்களின் வருகைப் பதிவை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 தடவைதான் வந்திருந்தார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. 10 டாலருக்குச் சீட்டு வாங்கி வந்திருக்கலாம்! பணம் கட்டினால் போயே தீருவோம் என்று நம்பித்தான் கட்டினார்கள். பணம் போனது, ஆள் போகவில்லை.

இங்கே ஒருபடி மேலே போய், இரண்டு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். அந்த மையம் அவ்வளவு காலம் திறந்திருக்கும் என்று யார் சொன்னது? 2017 ஜூனில் ட்ரூ ஃபிட்னஸ் மலேசியாவில் தன் மையங்களைத் திடீரென்று மூடியபோது, முன்பணம் கட்டிய உறுப்பினர்கள் பூட்டிய கதவின் முன் நின்றார்கள். முதல் மூன்று மாதம் மாதாமாதம் கட்டுங்கள், அல்லது ஒவ்வொரு தடவைக்கும் கட்டுங்கள். அன்றே கையெழுத்துப் போட்டால்தான் இந்த விலை என்று சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு வழி இருக்கிறது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, தொடர்ந்து வழங்கப்படும் சேவைக்கான ஒப்பந்தங்களைப் பற்றியது. அப்படிப்பட்ட ஒப்பந்தத்தைப் பயனீட்டாளர் ரத்து செய்தால், நிறுவனம் வசூலிக்கக்கூடியது முழு ஒப்பந்தத் தொகையில் 5 விழுக்காடு, அதுவரை பெற்ற சேவைக்கு உரிய கட்டணம், பயன்படுத்திய பொருளின் விலை ஆகியவைதான். ‘கட்டிய பணம் திரும்பத் தரப்படாது’ என்று பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதைக் கண்டு மிரள வேண்டாம். எங்கள் ஊழியரின் அலட்சியத்தால் காயம் பட்டாலும் பொறுப்பேற்க மாட்டோம் என்ற வகை வாசகங்களையும், 2011இல் நடப்புக்கு வந்த நியாயமற்ற ஒப்பந்த விதிகள் பகுதியைக் காட்டிக் கேள்வி கேட்கலாம்.

பலர் செய்யும் தவறு, வங்கிக் கணக்கிலிருந்து பணம் பிடிப்பதை மட்டும் நிறுத்திவிட்டு வாயை மூடிக்கொள்வது. சில மாதத்தில் கடன் வசூலிப்பவரின் கடிதம் வரும். ரத்து செய்கிறேன் என்று முதலில் எழுத்தில் கொடுங்கள், மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பி நகலை வைத்துக்கொள்ளுங்கள், அதன் பிறகு வங்கிக்குப் போங்கள். நிறுவனம் மசியாவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்குப் பதியலாம். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை மூன்று ஆண்டுக்குள் கொண்டுபோக வேண்டும். பொதுவாக வழக்கறிஞர்கள் அங்கே வாதாட முடியாது என்பதால் பெரிய நிறுவனமும் உங்களைப் போலவே தானே வந்து பேச வேண்டும். தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். எழுதத் தடுமாறுகிறவர்கள் 1969 முதல் இந்த ஊரில் இயங்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். அங்கே தமிழிலேயே பேசலாம். ஒரே எச்சரிக்கை: நிறுவனம் திவாலாகிவிட்டால் வென்ற தீர்ப்பை வைத்துக்கொண்டு பணம் வாங்குவது கடினம். மாதாமாதம் கட்டச் சொல்வது அதனால்தான்.

மையம் உங்களுக்கு ஒத்துவந்தால் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். 2024 மதிப்பீட்டு ஆண்டு முதல் விளையாட்டுச் சாதனம், உடற்பயிற்சி மையச் சந்தா, பயிற்சிக் கட்டணம் ஆகியவற்றுக்கு 1,000 ரிங்கிட் வரை தனி வரிவிலக்கு உண்டு.

நடக்கச் சோம்பல்படுகிறவர்களைத் தேடி வரும் இன்னொரு சரக்கு, மெலிய வைக்கும் காப்பியும் மாத்திரையும். முகநூலிலும் டிக்டாக்கிலும் விற்கும் இவற்றில் சிபுட்ராமின் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சின் சோதனைகள் பலமுறை காட்டியிருக்கின்றன. மாரடைப்பு, பக்கவாத அபாயம் கண்டு 2010இல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் சந்தையிலிருந்து விலக்கிய மருந்து அது. மருந்தாக விற்பது எதுவானாலும் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் இணையப் பட்டியலில் தட்டிப் பார்த்துவிடுங்கள், பொய் எண் அச்சடிப்பது பெரிய வித்தையில்லை.

உடம்பு தரும் எச்சரிக்கைகளையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நெஞ்சை இறுக்குவது, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, திடீர் மூச்சுத்திணறல் என்றால் ஓரமாக உட்கார்ந்து 999ஐ அழையுங்கள். இன்சுலின் போடுகிறவர்களும் சில வகை இனிப்பு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வெறும் வயிற்றில் நடந்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கலாம். பையில் மிட்டாய் இருக்கட்டும், செருப்பை விட்டுச் சப்பாத்துக்கு மாறுங்கள், வீட்டுக்கு வந்ததும் பாதத்தைப் பாருங்கள். வருடக்கணக்கில் அசையாமல் இருந்துவிட்டு முதல் நாளே ஸ்பின் வகுப்பில் வெறியோடு மிதித்தவர்களுக்குத் தசை சிதைந்து சிறுநீர் தேநீர் நிறத்தில் போவதுண்டு. அது சிறுநீரகத்தைப் பாதிக்கும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். புகைமூட்ட மாதங்களில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளியே ஓடாதீர்கள், வீட்டுக்குள் செய்யுங்கள்.

பெண்கள் நடையை நிறுத்துவதற்குச் சோம்பல் காரணமில்லாத நேரங்களும் உண்டு. பின்தொடரும் மோட்டார் சைக்கிள், காதில் விழும் கொச்சைப் பேச்சு, இருட்டுப் பாதை. ‘அப்போ வீட்டிலேயே இரும்மா’ என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் 2023 முதல் ஒருவரைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது தண்டனைச் சட்டத்தின் 507ஏ பிரிவின் கீழ் மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். பாலியல் தொல்லைக்கு எதிரான 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த நடுவர் மன்றம் 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு வழங்க முடியும். வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், போலீசில் புகார் கொடுங்கள். எரியாத தெருவிளக்குக்கு மாநகர் மன்றத்திடம் புகார் செய்யுங்கள், ஒருவர் பத்து தடவை செய்வதைவிடப் பத்து பேர் ஒரு தடவை செய்வது எடுபடும்.

கடைசியாக ஒன்று. 40 வயதோ அதற்கு மேலோ ஆனவரா? குறைந்த வருமானப் பிரிவில் உதவி பெறுகிறவரா? உங்களுக்கும் அதே வயது வரம்புக்குள் வரும் உங்கள் துணைவருக்கும் பெக்கா பி40 திட்டத்தில் இலவச உடல்பரிசோதனை இருக்கிறது. பதிவுபெற்ற தனியார் கிளினிக்குகளிலேயே செய்துகொள்ளலாம். அந்தப் பிரிவில் வராதவர்களுக்கு 1 ரிங்கிட் வாங்கும் அரசுக் கிளினிக் இருக்கிறது. ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு நடக்கத் தொடங்குங்கள். அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு இந்த வாரமே போய் வாருங்கள்.