பழக்கமும் திறமையும்

அமெரிக்காவில் 1980-களின் நடுப்பகுதியில் கணினி விஞ்ஞானத்தில் பட்டம் பெற்றவர்களில் நூற்றுக்கு 37 பேர் பெண்களாக இருந்தார்கள் என்பதையும், அதன்பின் வைத்தியத்திலும் சட்டத்திலும் பெண்களின் தொகை ஏறிக்கொண்டே போக, இந்தத் துறையில் மட்டும் அது பாதியளவுக்குச் சரிந்துவிட்டது என்பதையும் அறிந்தவர்கள், பெண்களுக்கு இதில் சுபாவமாகவே நாட்டமில்லை என்று தீர்ப்புச் சொல்லத் துணியமாட்டார்கள். சுபாவம் இருபது வருஷங்களில் மாறுவதன்று.

மாறியது வீடு. சிறு கணினிகள் இல்லங்களில் பிரவேசித்த காலம் அது. பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னெகி மெலன் சர்வகலாசாலையில் மாணவர்களோடு பேசிப் பல வருஷம் ஆராய்ந்த ஜேன் மார்கோலிஸ், ஆலன் ஃபிஷர் இருவரும், பல குடும்பங்களில் அந்த யந்திரம் மகனுடைய அறையில்தான் இருந்தது என்று கண்டார்கள். சிறு வயது முதல் அதைக் குடைந்து பார்த்த பையனும், கலாசாலைக்கு வந்த பிறகே முதல் நிரலை எழுதும் பெண்ணும் ஒரே வகுப்பில் அமரும்போது, அவனுடைய பழக்கம் அவளுக்குப் பிறவித் திறமையாகத் தோன்றுகிறது. தனக்குப் பழக்கம் இல்லாததை அறிவின் குறையென்றே நம்பி அவள் விலகிப் போகிறாள். எத்தனை நல்ல மூளைகளை இந்த ஒரு மயக்கம் வீணாக்கியிருக்கிறது! அச்சர்வகலாசாலை, மாணவரைச் சேர்க்கையில் முன்பழக்கத்துக்குக் கொடுத்துவந்த சலுகையை நிறுத்தி, முதல் பாடத்தையும் அவரவர் நிலைக்கேற்ப அமைத்தது. 1995-இல் அங்கே சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 7 ஆக இருந்த பெண்கள் 2000-இல் 42 ஆனார்கள்.

கலிபோர்னியாவில் உள்ள ஹார்வி மட் கல்லூரியும் இவ்வழியே சென்றது. முன்பே நிரல் எழுதியவர்களுக்கு ஒரு வகுப்பு, எழுதாதவர்களுக்கு வேறொரு வகுப்பு. ஜாவா என்ற நிரல்மொழிக்குப் பதில் எளிதில் கைவரும் பைத்தான். எந்தக் கேள்விக்கும் முந்திக்கொண்டு விடை சொல்லி மற்றவர்களை வாயடைக்கச் செய்யும் மாணவனை ஆசிரியர் தனியே அழைத்து, அவனுடைய ஆர்வத்தைப் பாராட்டி, அந்த உரையாடலைத் தம்முடைய அறையில் வைத்துக்கொள்ளலாம் என்று இதமாகச் சொல்லுவது வழக்கமாயிற்று. இவற்றுள் இதையே நான் மிக உயர்வாக மதிக்கிறேன். செலவில்லாதது, எந்தப் பள்ளியிலும் நாளைக்கே செய்யத்தக்கது. சில வருஷங்களில் அங்கே கணினி பயிலும் பெண்கள் நூற்றுக்குப் பத்திலிருந்து நாற்பதாக உயர்ந்தார்கள்.

பெண்களோடு இந்தக் குறை முடிந்துவிடவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் நகரப் பொதுப்பள்ளிகளை மார்கோலிஸ் பின்னர் ஆராய்ந்தபோது, கறுப்பின, லத்தீன் அமெரிக்க வமிசப் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளில் கணினிகள் இருந்தும், அவற்றில் தட்டச்சு போன்ற மேலோட்டமான பயிற்சிகளே நடந்துவந்தன. அந்தப் பிள்ளைகளை மனத்தில் வைத்து ஜோயன்னா குட் என்பவருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய பாடத்திட்டம், முன்பழக்கம் எதையும் எதிர்பாராமல், பிரச்சினையைக் கூறுகூறாகப் பிரித்து ஆராயவும், தகவல்களைத் திரட்டித் தம் சுற்றுப்புறத்தைப் பற்றித் தாமே கேட்ட கேள்விகளுக்கு விடைகாணவும் மாணவர்களைப் பழக்குகிறது. அதை நடத்தும் ஆசிரியர்களுக்கும் தனிப் பயிற்சி உண்டு.