டிங்கிள் தீபகற்பம்

டிங்கிள் தீபகற்பம் அயர்லாந்தின் தென்மேற்கில், கெர்ரி மாவட்டத்தில் அமைந்துள்ளது. அட்லாண்டிக் பெருங்கடலுக்குள் நீண்டிருக்கும் இந்நிலப்பகுதி ஐரிஷ் மொழியில் கோர்க்கா குய்னே எனப்படுகிறது. டிங்கிள் நகருக்கு மேற்கிலுள்ள ஊர்களில் ஐரிஷ் மொழி இன்றும் அன்றாடப் பேச்சில் உள்ளது. கடலை நம்பி வாழ்ந்த மக்கள் எழுப்பியவற்றையும், அக்கடலால் அவர்கள் இழந்தவற்றையும் இங்குள்ள சின்னங்கள் ஒருசேரக் காட்டுகின்றன.

இயற்கைக் காட்சிகள்

இங்குள்ள மிக உயர்ந்த சிகரம் பிராண்டன் மலை (952 மீட்டர்). 6ஆம் நூற்றாண்டுத் துறவியான புனித பிரெண்டனின் பெயரைத் தாங்கிய இம்மலை ஒரு யாத்திரைத் தலமாகும். அவர் தோல் போர்த்திய படகில் மேற்கு நோக்கிக் கடற்பயணம் செய்தார் என்பது மரபுக்கதை. அது இயலக்கூடியதா என்று சோதிக்க, டிம் செவெரின் 1976இல் இம்மலையை ஒட்டிய பிராண்டன் ஓடையிலிருந்து அதே வகைப் படகில் புறப்பட்டார். 1977இல் அவர் கனடாவின் நியூபவுண்ட்லாந்து தீவை அடைந்தார்.

தென்கரையிலுள்ள இஞ்ச் கடற்கரை சுமார் 5 கிலோமீட்டர் நீள மணற்பரப்பு. மேற்கு முனையிலுள்ள ஸ்லே ஹெட் சாலையிலிருந்து பிளாஸ்கெட் தீவுகளைத் தெளிவாகக் காணலாம்.

கல்லாரஸ் சிற்றாலயம்

சுண்ணமோ சாந்தோ இன்றிக் கற்களை மட்டுமே அடுக்கிக் கட்டப்பட்ட கிறித்தவ வழிபாட்டிடம் இது. கவிழ்த்து வைத்த படகின் வடிவம் கொண்டது. கீழ் வரிசைக் கல்லைவிட மேல் வரிசைக் கல் சற்று உள்நோக்கி நீளும்படி அடுக்கியதால் இரு பக்கச் சுவர்களும் உச்சியில் இணைந்து கூரையாகின்றன. கற்கள் வெளிப்புறம் சற்றே சரிந்திருப்பதால் மழைநீர் உள்ளே இறங்குவதில்லை. இது 7, 8ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்றும், 12ஆம் நூற்றாண்டளவில் கட்டப்பட்டது என்றும் ஆய்வாளர்களிடையே இருவேறு கருத்துகள் உள்ளன.

தங்கக் கோட்டை

ஸ்மெர்விக் துறைமுகத்தை ஒட்டிய டூன் அன் ஓய்ர் என்ற பெயருக்குத் தங்கக் கோட்டை என்பது பொருள். இங்கிலாந்து ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சிக்கு உதவ வந்த இத்தாலிய, ஸ்பானிய வீரர்கள் 1580 நவம்பரில் இங்கு முற்றுகையிடப்பட்டனர். கிரே பிரபுவின் படையிடம் சரணடைந்த பின்னர் சுமார் 600 பேர் கொல்லப்பட்டனர்.

பிளாஸ்கெட் தீவுகள்

பெரிய பிளாஸ்கெட் தீவில் மீனவக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்தன. தோமாஸ் ஓ கிரிஹன், பெக் சேயர்ஸ், மொரிஷ் ஓ சூலவான் ஆகியோரின் தன்வரலாறுகள் இச்சிற்றூரை ஐரிஷ் இலக்கியத்தில் நிலைபெறச் செய்தன.

இளைஞர்கள் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்ததால் தீவின் மக்கள்தொகை குறைந்துகொண்டே வந்தது. மருத்துவரோ பாதிரியாரோ தீவில் இல்லை. 1947இன் தொடக்கத்தில் ஓர் இளைஞர் மூளையுறை அழற்சியால் இறந்தபோது, கடல் சீற்றத்தால் உரிய நேரத்தில் உதவி வந்து சேரவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில், உணவு அனுப்பக் கோரித் தீவினர் பிரதமர் ஈமான் டி வலேராவுக்குத் தந்தி அடித்தனர். 1953இல் அரசு தீவைக் காலி செய்ய ஏற்பாடு செய்தது. அப்போது எஞ்சியிருந்தவர்கள் 22 பேர். அவர்களுட் பலர் எதிர்க்கரையிலுள்ள டூன் குயின் பகுதியில் குடியேறினர். அவ்வூரிலுள்ள பிளாஸ்கெட் மையம் தீவு மக்களின் வாழ்வையும் இலக்கியத்தையும் எடுத்துரைக்கிறது. கூரையிழந்த வீடுகள் பல தீவில் இன்றும் நிற்கின்றன.

கடல் அரிப்பு

வென்ட்ரிக்கு மேற்கே கடற்பாறை விளிம்பில் உள்ள டன்பெக் கோட்டை, நிலப்பக்கம் கரைகளாலும் அகழிகளாலும், கடற்பக்கம் செங்குத்துப் பாறையாலும் காக்கப்பட்டது. அன்று அரணாக இருந்த கடலே இன்று அதன் அடித்தளத்தை அரிக்கிறது. 2014இன் தொடக்கத்தில் வீசிய புயல்களில் அதன் ஒரு பகுதி சரிந்து கடலில் விழுந்தது. கடலில் விழுந்த பகுதியை மீட்க இயலாது. எனவே எஞ்சியிருப்பதை அகழாய்ந்து, அளந்து, ஆவணப்படுத்துவது முக்கியமாகிறது.