பெரியதாழைக்கு நெட் வராத ஐந்து நாள்

போன்ல நெட் வரலைன்னா நாம முதல்ல என்ன செய்வோம்? ஏரோப்ளேன் மோட் போட்டு எடுப்போம், ரீஸ்டார்ட் பண்ணுவோம், டேட்டா பேக் முடிஞ்சிருச்சான்னு பார்ப்போம். 2018 மே 23க்கு அப்புறம் தூத்துக்குடி மாவட்டத்துல இதுல எதைச் செஞ்சாலும் பலன் இல்லை. ரிப்பேர் எதுவும் இல்லை. அரசு ஆணை போட்டு நெட்டை நிறுத்தியிருந்தது.

முந்தைய நாள் மே 22. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் 100வது நாள். தூத்துக்குடியில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். சமூக ஊடகங்கள் வழியா பதற்றம் பரவுதுன்னு சொல்லி, தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூணு மாவட்டத்துக்கும் மே 23 முதல் 27 வரை இணையச் சேவையை நிறுத்த மாநில உள்துறை உத்தரவிட்டது.

இப்போ ஒரு கேள்வி. இணையத்தை யாராலும் அணைக்க முடியாது, ஒரு வழி அடைச்சா இன்னொரு வழியில போயிடும்னு படிச்சிருக்கோமே? அப்புறம் எப்படி மூணு மாவட்டம் இருட்டாச்சு?

படிச்சதும் உண்மைதான். நாம அனுப்புற ஒரு போட்டோ முழுசா ஒரே துண்டாப் போறதில்லை. சின்னச் சின்னப் பொட்டலங்களாப் பிரிஞ்சு போகுது. ஒவ்வொண்ணுலயும் சேர வேண்டிய முகவரி இருக்கும். நடுவுல இருக்கற ரவுட்டர்கள் முகவரியைப் பார்த்து, திறந்திருக்கற வழியில தள்ளி விடும். திருச்செந்தூர்ல இருந்து பெரியதாழைக்கு வர்றீங்க, மணப்பாடு பக்கம் ரோடு அடைச்சிருக்குன்னா சாத்தான்குளம் சுத்தி வருவீங்க இல்லையா? அதே மாதிரி.

2008 ஜனவரி கடைசியில எகிப்து கிட்ட மத்தியதரைக் கடலுக்கு அடியில ரெண்டு பெரிய கேபிள் அறுந்தது. இந்தியாவுல நெட் நல்லாவே மந்தமாச்சு, ஆனா நிக்கலை. கிழக்குப் பக்கமா, சிங்கப்பூர் வழியா சுத்திப் போற பாதைகள் இருந்தது. தூத்துக்குடியில இருந்தே ஒரு கடலடி கேபிள் போட்டாங்க, தெரியுமா? கொழும்பு பக்கத்துல இருக்கற கல்கிசை வரைக்கும் 2006ல போட்ட கேபிள் அது.

ஆனா சுத்து வழி எல்லாம் நடுவுலதான். ஊருக்குள்ள வந்து உங்க வீட்டுத் தெருவை அடைச்சா? வேற வழி கிடையாது. போனுக்கு அந்தத் தெரு, டவரும் அதுக்குப் பின்னாடி இருக்கற கம்பெனியின் வாசலும். அந்த வாசலை வெச்சிருக்கறது விரல் விட்டு எண்ணக்கூடிய சில கம்பெனிகள். எல்லாமே அரசு லைசென்ஸ்ல ஓடுது. ஆணை வந்ததும், இந்த மாவட்டத்து டவர்கள்ல இருந்து வர்ற டேட்டாவை வாசல்லயே நிறுத்திடுவாங்க. சிக்னல் கோடு முழுசாத் தெரியும், உள்ளே ஒண்ணும் வராது. நடுக்கடல்ல ரெண்டு கேபிள் அறுந்தும் நிக்காத நெட், ஒரு ஆணைக்கு நின்னுடுது.

பெரியதாழையை ஏன் சொல்றேன்? துப்பாக்கிச் சூடு நடந்தது தூத்துக்குடி நகரத்துல. பெரியதாழை, மாவட்டத்தின் தென்கோடியில, மணப்பாட்டையும் தாண்டி இருக்கற மீனவர் ஊர். ஆணைக்கு அந்த வித்தியாசம் தெரியாது, அதுக்கு மாவட்டம்தான் கணக்கு. மே மாசம் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், ஆனா நாட்டுப்படகுகள் கடலுக்குப் போற காலம். அலை எவ்வளவு உயரம், காற்று எந்தப் பக்கம்னு ஹைதராபாத்ல இருக்கற இன்காய்ஸ் நிறுவனம் தினமும் கணிச்சு வெளியிடுது. அது போனுக்கு வர்றது பெரும்பாலும் ஆப் வழியா, வாட்ஸப் வழியா.

அந்த வாரம் கடல் எப்படி இருந்ததுன்னு பாருங்க. அரபிக்கடல்ல மெகுனு புயல். மே 25 ராத்திரி ஓமன்ல சலாலா பக்கம் கரையைக் கடந்தது. நெட் நின்ன கன்னியாகுமரி மாவட்டத்துல, ஆழ்கடல் மீன்பிடிப்புக்குப் பேர் போன தூத்தூர் இருக்கு. ஒக்கி புயல் வந்து ஆறு மாசம்கூட ஆகலை. எச்சரிக்கை நேரத்துக்குப் போய்ச் சேரலைன்னு அப்போ ஊரெல்லாம் பேசினோம். ரேடியோ, டிவி, போன் கால் எல்லாம் இருந்தது, உண்மைதான். ஆனா இருக்கற வழிகள்ல ஒண்ணை நாமளே மூடினோம்.

அரசு சொன்ன காரணத்தையும் சும்மா ஒதுக்க முடியாது. அதே மே மாசம் 9ஆம் தேதி, திருவண்ணாமலை மாவட்டத்துல கோயிலுக்குப் போன ஒரு வயசான அம்மாவைக் குழந்தை கடத்த வந்தவங்கன்னு நினைச்சு அடிச்சே கொன்னாங்க. அதுக்குப் பின்னால வாட்ஸப்ல சுத்துன வதந்தி இருந்தது. ஆக, வதந்தி ஆளைக் கொல்லும். ஆனா அதுக்கு வேற மருந்தும் இருக்கு. அந்த வருஷம் ஜூலையில, இந்தியாவுல ஒரு மெசேஜை ஒரே நேரத்துல அஞ்சு பேருக்கு அல்லது குரூப்புக்கு மேல ஃபார்வர்ட் பண்ண முடியாதுன்னு வாட்ஸப் கட்டுப்பாடு கொண்டு வந்தது. வதந்தியோட வேகத்தைக் குறைக்கற வழி அது. முழு அடைப்புல வதந்தியோட அதை மறுக்கற செய்தியும் நிக்குது. ஆஸ்பத்திரியில யார் இருக்காங்கங்கற தகவலும் நிக்குது, அலை எச்சரிக்கையும் நிக்குது.

2020 ஜனவரி 10 அன்னைக்கு, காஷ்மீர் இணைய முடக்கம் பத்தின அனுராதா பாசின் வழக்குல உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லிடுச்சு: காலவரையில்லாம நெட்டை முடக்கக் கூடாது, ஆணையை வெளியிடணும், தேவைக்கு மீறி இருக்கக் கூடாது. 2024ல வந்த புது விதிகள்படி ஒரு ஆணைக்கு அதிகபட்சம் 15 நாள்தான்.

அதனால அடுத்த முறை உங்க ஊர்ல சிக்னல் இருந்தும் நெட் இல்லைன்னா, ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. அப்புறம் மூணு கேள்வி கேளுங்க. ஆணை எங்கே? எந்த ஊர் வரைக்கும்? எந்தத் தேதி வரைக்கும்? ரெண்டாவது கேள்வியை யாராவது அன்னைக்கே கேட்டிருந்தா, பெரியதாழை வரைக்கும் ஏன்னு ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.