ஒரே தீ, நான்கு பொருள்

வடசென்னை திருவொற்றியூரில், கடற்கரையை ஒட்டி பட்டினத்தாரின் சமாதிக் கோயில் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் குடும்பத்தில் பிறந்து துறவியானவர், கடைசியில் இங்கே அடங்கினார் என்பது மரபு.

தாயின் சிதைக்குத் தீ மூட்டியபோது அவர் பாடியதாக வழங்கும் பாடல்களுள் ஒன்றில் தீ நான்கு இடங்களில் எரிகிறது: முப்புரம், தென்னிலங்கை, அடிவயிறு, சிதை.

முதல் இரண்டும் பகைவர் ஊர்களை அழித்த புராண நெருப்பு. அன்னை அடிவயிற்றில் இட்ட மூன்றாவது தீக்கு விறகில்லை, புகையில்லை; அதை மகனின் பிரிவுத் துயருக்கு உருவகமாகப் படிக்கலாம். நான்காவதுதான் கண்ணெதிரே மூளும் உண்மைத் தீ.

வினைச்சொல்லின் தேர்வு இன்னும் நுட்பமானது. தமிழில் தீயும் ‘இடுவது’, சோறும் ‘இடுவது’. சோறிட்ட தாய்க்குத் தீயிடும் மகனின் தவிப்பு முழுவதையும் அந்த ஒரு வினையே தாங்குகிறது.