வார இறுதி வீரர்களின் கொசு வேட்டை

சென்ற மாதம் காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் சாதாரணமாகத்தான் கேட்டேன்: “இந்த வருடம் உங்கள் வீட்டில் யாருக்கு ரிசர்விஸ்ட்?” அழைப்புகள் குவிந்தன. கடையை மூடிவிட்டுப் போனவர், பிறந்து பத்தே நாளான குழந்தையை விட்டுவிட்டுப் போனவர் என்று ஆளுக்கொரு கதை. ஒருவர் மட்டும் சலித்துக்கொண்டார். “வருஷா வருஷம் போறோம், வர்றோம். என்னிக்காவது நம்மள நெஜமா கூப்பிடுவாங்களா, சிஸ்டர்?”

பதில் தெரியாமல் ஒரு பாட்டைப் போட்டுச் சமாளித்தேன். என் தம்பியும் பயிற்சிக்கான அழைப்பு வரும்போதெல்லாம் இதையேதான் கேட்பான். வேலையிடத்தில் ஆள் பற்றாக்குறை, வீட்டில் இரண்டு பிள்ளைகள். இதற்கு நடுவே பச்சை உடுப்பைத் தேடி எடுக்க வேண்டும்.

மற்ற நாடுகளில் இப்படிப்பட்ட வீரர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று அன்று மாலை தேடிப் பார்த்தேன். புளோக்கின் கீழே கொசு மருந்துப் புகை அடிக்கும் சத்தம். ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். கண்ணில் பட்டதும் கொசு மருந்து அடிக்கும் ஒரு ராணுவப் பிரிவுதான்!

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் யங்ஸ்டவுன் என்று ஓர் ஊர். ஒரு காலத்தில் எஃகு ஆலைகளுக்குப் பெயர்போன ஊர். அதன் விமான நிலையத்தை ஒட்டி, அமெரிக்க ஆகாயப் படையின் ரிசர்வ் பிரிவான 910வது விமானப் போக்குவரத்துப் பிரிவு இயங்குகிறது. ஒரு சிலர் அங்கே முழுநேர ஊழியர்கள். பெரும்பாலானோருக்கு வெளியில் வேறு வேலை. மாதத்தில் ஒரு வார இறுதி, ஆண்டில் இரண்டு வாரம் என்பது அவர்களுடைய அடிப்படைக் கணக்கு. விமானிகளும் விமானப் பணிக்குழுவினரும் அதற்கு மேலும் பறந்தாக வேண்டும். கடமைக்குப் போய்த் திரும்புபவரை மறுபடி வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அங்கே முதலாளிகளுக்குச் சட்டமே இருக்கிறது.

இந்தப் பிரிவு பல்லாண்டுகளாக நம்பியிருந்த விமானம் சி-130 ஹெர்குலிஸ். 1954ல் முதன்முதலாகப் பறந்த இந்த நான்கு எஞ்சின் விமானம் நமக்கும் புதிதல்ல. பாய லேபார் தளத்தில் நம் ஆகாயப் படையும் இதை வைத்திருக்கிறது. கரடுமுரடான குட்டை ஓடுபாதையிலும் இறங்கும். சரக்கு ஏற்றும், படைவீரர்களைக் கொண்டுபோகும், பாராசூட்டில் பொருட்களைப் போடும், காயம்பட்டவர்களைப் படுக்கையோடு அழைத்து வரும். ரிசர்வ் போக்குவரத்துப் பிரிவுகள் எல்லாமே செய்யும் வேலை இது.

யங்ஸ்டவுன்காரர்களிடம் கூடுதலாக இன்னொரு பொறுப்பு இருக்கிறது. பரந்த நிலப்பரப்பில் விமானத்திலிருந்து மருந்து தெளிப்பதற்கென்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறையிடம் இருப்பது இந்த ஒரே பிரிவுதான். சுமார் 7,500 லிட்டர் கொள்ளும் தொட்டிகளைச் சரக்கு போலவே விமானத்துக்குள் ஏற்றிப் பொருத்துவார்கள். வேலை முடிந்ததும் இறக்கிவிட்டால், பழையபடி சரக்கு விமானம்.

2017 ஆகஸ்ட் 25ஆம் தேதி ஹார்வி சூறாவளி டெக்சஸ் கரையைக் கடந்தது. ஹூஸ்டன் வட்டாரமே வெள்ளத்தில் மிதந்தது. இப்படித் தண்ணீர் தேங்கும்போது, மண்ணில் காத்துக் கிடக்கும் கொசு முட்டைகள் ஒரே நேரத்தில் பொரிந்துவிடும். மின்கம்பம் நடுபவர், இடிபாடு அகற்றுபவர், கூரையில்லாத வீட்டில் படுப்பவர் யாரையும் அந்தக் கொசுக் கூட்டம் விடாது. நிவாரண வேலையே நின்றுபோகும். அப்போதுதான் இந்த வார இறுதி வீரர்களுக்கு அழைப்பு போனது. அந்த செப்டம்பரில் அவர்கள் மருந்து தெளித்த பரப்பு 25 லட்சம் ஏக்கருக்கும் மேல். நம் சிங்கப்பூரைப் போல 13 மடங்குக்கும் அதிகம்!

சும்மா பறந்து ஊற்றிவிட்டு வரும் வேலையல்ல இது. இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 40 மீட்டர் நீளமுள்ள விமானத்தைத் தரையிலிருந்து வெறும் 150 அடி உயரத்தில், மணிக்கு சுமார் 370 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்ட வேண்டும். நம் வீவக புளோக்கில் 15ஆவது, 16ஆவது மாடி உயரம். வழியில் மின்கம்பிகள், தொலைத்தொடர்புக் கோபுரங்கள், பறவைகள். ஒரு ஏக்கருக்கு விழும் மருந்தோ இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் போகாது. எங்கே, எப்போது, எவ்வளவு என்று சொல்வதற்குப் பூச்சியியல் படித்த அதிகாரிகளும் பிரிவில் இருக்கிறார்கள்.

அந்த ‘எப்போது’ மிக முக்கியம். பெரும்பாலும் பொழுது சாயும் நேரத்தில்தான் தெளிப்பார்கள். கொசுக்கள் வெளியே வரும், தேனீக்கள் கூடு திரும்பியிருக்கும். தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2016 ஆகஸ்டில் தென் கரோலினாவில் ஓர் உள்ளூர் நிர்வாகம், ஸிகாவுக்குப் பயந்து காலை வேளையில் விமானத்திலிருந்து மருந்து தெளிக்க ஏற்பாடு செய்தது. லட்சக்கணக்கான தேனீக்கள் செத்து விழுந்தன. அது இந்தப் பிரிவு செய்த வேலையல்ல. ஆனால், இந்த வேலைக்கு ஏன் இவ்வளவு பயிற்சி என்பது அதில் புரிந்துவிடுகிறது.

2010ல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்துக் கச்சா எண்ணெய் கடலில் பரவியபோதும் இவர்கள்தான் போனார்கள். எண்ணெய்ப் படலத்தைச் சிதறடிக்கும் ரசாயனத்தை, அலைகளுக்குச் சற்று மேலே பறந்து தெளித்தார்கள்.

விமானத்தில் மருந்து தெளித்தால் நம் ஊர் டெங்கிக்கும் முடிவு வந்துவிடுமே என்று யாரும் நினைக்க வேண்டாம். ஏடிஸ் வீட்டுக்குள்ளேயே பூச்சாடியிலும் வாளியிலும் வளர்வது. அதற்கு நாம்தான் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்க்க வேண்டும்.

நான் எடுத்துக்கொண்டது வேறொரு விஷயம். இப்படிப்பட்ட பெருவெள்ளம் தினமும் வருவதில்லை. அதற்காக ஆண்டு முழுக்க ஒரு படையை உட்கார வைத்திருக்கவும் முடியாது. வரும் நாளிலோ கற்றுக்கொள்ள நேரம் இருக்காது. அதனால்தான் அழைப்பு வராத வார இறுதிகளிலும் அவர்கள் பழகிக்கொண்டே இருக்கிறார்கள்.

இதைத் தம்பியிடம் சொன்னேன். பேச்சே இல்லை. ஜன்னலுக்குப் போய், எதிர் புளோக்கைக் கீழிருந்து 15 மாடி வரை எண்ணினான். “இந்த ஒசரத்திலயாக்கா பறந்தாங்க?” என்றான். அப்புறம் பூட்ஸைத் துடைக்க உட்கார்ந்துவிட்டான்.

அந்த நேயர் மறுபடியும் அழைத்தால் பாட்டுப் போட்டுச் சமாளிக்க மாட்டேன். ஹூஸ்டன் கதையைச் சொல்வேன்.