எவர்சில்வர் மேகம்

காரைக்குடி செக்காலைப் பக்கத்துத் திருமண வீடுகளில் சீர்ப் பாத்திரங்களை வரிசை வரிசையாகப் பரப்பி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது செழிப்பின் அடையாளம். அதே பாத்திரங்கள் அழிவையும் காட்டுமா?

காட்டும் என்கிறார் பீகாரில் பிறந்த சிற்பி சுபோத் குப்தா. 2008இல் அவர் எவர்சில்வர் பாத்திரங்களைக் கொண்டு, அணுகுண்டு வெடித்ததும் எழும் காளான் மேகத்தை அமைத்தார். எடை சுமார் 26 டன். பெயர் 'லைன் ஆஃப் கண்ட்ரோல்'. காஷ்மீரில் இந்திய, பாகிஸ்தான் படைகளைப் பிரிக்கும் கோட்டின் பெயர் அது.

பாத்திரம் மாறவில்லை, அடுக்குமுறைதான் மாறியது. இயற்கையிலும் இப்படித்தான். கார்பன் அணுக்கள் தளம் தளமாக அடுங்கினால் பென்சிலில் உள்ள கிராஃபைட். ஒவ்வோர் அணுவும் நான்கு அணுக்களோடு முப்பரிமாணத்தில் பிணைந்தால், கண்ணாடியை அறுக்கும் வைரம்!

பத்து எவர்சில்வர் தம்ளர்களைக் கவிழ்த்து, கீழே நான்கு, அதன்மேல் மூன்று, இரண்டு, ஒன்று என அடுக்குங்கள், நிற்கும். இப்போது ஒன்றின்மேல் இரண்டு வைத்துப் பாருங்கள், சரியும். ஏன்? மேல் தம்ளர் ஒவ்வொன்றின் ஈர்ப்பு மையமும் தாங்கும் பரப்புக்கு வெளியே போய்விடுகிறது. தலை பெருத்த காளான் மேகமும் அப்படித்தான் சரியும். அதனால்தான் அந்தச் சிற்பத்தைத் தாங்க எஃகுச் சட்டம் தேவைப்பட்டது.

உங்கள் வீட்டுத் தம்ளர்களால் நீங்கள் எதை அமைப்பீர்கள்?