அறைக்குள்ளே ஓர் ஆகாயம்

விளையாட்டு என்றால் பொழுதுபோக்கு. கல்வி என்றால் பாடநூல். இரண்டையும் இப்படி வேலி போட்டுப் பிரித்து வைப்பது நம்மவர் வழக்கம். ஆனால் வேலியின் இரு பக்கமும் கால் வைத்து நிற்கும் கலைகளும் சில உண்டு. வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டும் கலை அவற்றுள் ஒன்று. இரண்டு ஆண்டுகளாக நானும் விடுதி நண்பர் மூவரும் இதில் ஈடுபட்டு வருகிறோம். "இன்னுமா பொம்மை விமானம்?" என்று கேட்டுச் சிரிப்போர் பலர். அவர்களுக்கு விடை கூறும் முகமாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சிமுலேட்டர் என்பது என்ன? விமானம் பறக்கும் முறையைக் கணக்காக மாற்றிக் கணினிக்குள் வைத்திருக்கும் ஏற்பாடுதான் அது. திரையில் விமானி அறை தெரியும். வேகம் காட்டும் முள், உயரம் காட்டும் முள், திசைகாட்டி எல்லாம் இருக்கும். நாம் கைப்பிடியை அசைத்தால், உண்மை விமானம் எப்படி அசையுமோ அப்படியே திரையிலுள்ள விமானமும் அசையும்.

பொறியின் கதை

இந்த எண்ணம் கணினிக்கும் முந்தியது. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் 1929-ஆம் ஆண்டில் தரையில் நின்றபடியே விமானப் பயிற்சி அளிக்கும் பொறி ஒன்றைச் செய்தார். அவர் குடும்பத்தார் ஆர்கன் என்னும் இசைக்கருவி செய்யும் தொழிலினர். ஆர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளையே கொண்டு தம் பொறியைச் சாயவும் திரும்பவும் வைத்தார். முதலில் அதை மதித்தவர் சிலரே. 1934-இல் அமெரிக்க இராணுவ விமானப் படை, அஞ்சல் கொண்டு செல்லும் பணியை ஏற்றது. மோசமான வானிலையில் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கப் பழகாத விமானிகள் பலர் சில வாரங்களுக்குள் மாண்டனர். அதன் பின்னரே இராணுவம் லிங்கின் பொறியை நாடிற்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்தச் சுரைக்காய் உதவிற்று, உயிர்களைக் காத்தது.

வீட்டுக் கணினிக்கு இக்கலையைக் கொண்டு வந்தவர் நம்மைப் போன்ற ஒரு மாணவர். புரூஸ் ஆர்ட்விக் என்பவர் 1975-இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில், பறக்கும் காட்சியைக் கணினித் திரையில் வரைந்து காட்டும் முறை பற்றி ஆய்வேடு எழுதினார். அந்த வித்திலிருந்து முளைத்ததே மைக்ரோசாப்ட் நிறுவனம் 1982-இல் வெளியிட்ட பிளைட் சிமுலேட்டர். அதே பெயரில் 2020-இலும் 2024-இலும் புதிய பதிப்புகள் வந்தன. கோடுகளால் ஆன பழைய நிலம் போய், இன்று ஊரும் மலையும் கண்ணெதிரே விரிகின்றன.

பறத்தலின் இலக்கணம்

பறக்கும் விமானத்தின் மீது நான்கு விசைகள் செயற்படுகின்றன. எடை கீழே இழுக்கிறது. இறக்கையில் பிறக்கும் தூக்குவிசை மேலே ஏந்துகிறது. எஞ்சின் முன்னே தள்ளுகிறது. காற்று பின்னே இழுக்கிறது. பள்ளிக்கூடத்திலேயே படித்த செய்திதான். ஆனால் படித்ததற்கும் கையால் உணர்ந்ததற்கும் உள்ள தொலைவு பெரிது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். புதிதாக ஓட்டுபவர், உயரம் குறைகிறது என்று கண்டதும் விமானத்தின் மூக்கை மேலே தூக்குவார். எஞ்சின் வேகத்தைக் கூட்ட மாட்டார். விமானம் சற்று ஏறும். பிறகு வேகம் குறையும். உயரத்தைக் காக்க மேலும் தூக்குவார். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஏறத்தாழ 15 பாகையைத் தாண்டியதும், இறக்கையின் மேற்புறம் தழுவி ஓடும் காற்று கலைந்துவிடும். தூக்குவிசை திடீரெனக் குறையும். இதை ஸ்டால் என்பர். எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். ஆயினும் விமானம் விழும்.

இதற்கு மருந்து என்ன? மூக்கைக் கீழே இறக்க வேண்டும்! விழுகிற விமானத்தை மேலும் கீழ்நோக்கித் திருப்புவதா என்று மனம் மறுக்கும். ஆனால் கோணம் குறைந்தால்தான் காற்று மீண்டும் இறக்கையைத் தழுவும். அச்சம் ஒன்று சொல்ல, அறிவு வேறொன்று சொல்லும். அறிவின் பக்கம் கை போகும் வரை பழகுவதே பயிற்சி.

கணக்கும் இங்கே உயிர் பெறுகிறது. ஓடுபாதையின் எண்ணையே பாருங்கள். சென்னை விமான நிலையத்தின் பெரிய ஓடுபாதைக்கு ஒரு முனையில் 07 என்றும் மறுமுனையில் 25 என்றும் எழுதியிருக்கும். அவை 70 பாகை, 250 பாகை என்னும் திசைகளைக் குறிப்பன. விமானம் காற்றை எதிர்த்தே ஏறவும் இறங்கவும் விரும்பும். ஆதலால் கிழக்குக் காற்று வீசும்போது 07. மேற்குக் காற்று வீசும்போது 25.

இறங்குவதற்கும் எளிய வாய்பாடு உண்டு. ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் மூன்று கடல் மைல் தூரம் வேண்டும். கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். 9,000 அடியில் வருபவர் 27 கடல் மைலுக்கு முன்பே இறங்கத் தொடங்க வேண்டும். தரை மேல் செல்லும் வேகத்தை ஐந்தால் பெருக்கினால் நிமிடத்திற்கு எத்தனை அடி இறங்குவது என்பது கிடைக்கும். வேகம் 120 நாட் என்றால் 600 அடி. வாய்பாட்டை வெறுத்த என் அறைத் தோழர் இன்று இதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இறங்குகிறார்.

கேட்டலும் சொல்லலும்

இதுவரை சொன்னது தனியே கற்கக்கூடியது. இக்கலையின் சிறந்த பகுதி இனித்தான் வருகிறது. இணையத்தின் வழியே உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் ஒரே வானத்தில் கூடுகிறார்கள். 2001-இல் தோன்றிய வாட்சிம் என்னும் அமைப்பு இத்தகையது. அதில் சேரக் கட்டணம் இல்லை. சிலர் விமானிகளாகப் பறப்பர். சிலர் பயிற்சி பெற்றுக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் அமர்வர். எல்லாரும் ஊதியமின்றிச் செய்பவர்கள். பள்ளிச் சிறுவரும் உண்டு. ஓய்வு பெற்ற பெரியவரும் உண்டு. மெய்யான விமானிகளும் உண்டு. கோபுரத்தில் எவரும் இல்லாதபோது, 122.800 என்னும் பொது அலைவரிசையில் தம் நோக்கத்தை ஒருவருக்கொருவர் அறிவித்துக்கொள்வர்.

இங்கே முதல் விதி, சொன்னதைத் திருப்பிச் சொல்லுதல். "5,000 அடிக்கு ஏறுக" என்று கோபுரம் சொன்னால், "5,000 அடிக்கு ஏறுகிறேன்" என்று விமானி தம் அழைப்புப் பெயருடன் மறுமொழி சொல்ல வேண்டும். பிழையாகத் திருப்பிச் சொன்னால் கோபுரம் உடனே திருத்தும். ஆங்கில எண்களைக்கூட மாற்றி ஒலிப்பார்கள். மூன்று என்பதை 'ட்ரீ' என்றும், ஒன்பது என்பதை 'நைனர்' என்றும் சொல்வர். இரைச்சலிலும் காது ஏமாறக் கூடாது என்பதே காரணம்.

இத்தனை கண்டிப்பு எதற்கு? நாம் வாழும் இத்தில்லிக்கு மேற்கே, அரியானாவின் சர்க்கி தாத்ரி வானத்தில் 1996 நவம்பர் 12 அன்று நடந்ததை எண்ணிப் பாருங்கள். தில்லியிலிருந்து ஏறிய சவூதி விமானத்திற்கு 14,000 அடி. இறங்கி வந்த கசகஸ்தான் விமானத்திற்கு 15,000 அடி என்று கட்டளை. இறங்கி வந்த விமானம் 15,000 அடியில் நில்லாமல் மேலும் தாழ்ந்தது. இரண்டும் மோதின. 349 பேர் மாண்டனர், ஒருவரும் பிழைக்கவில்லை. அந்த விமானிகளின் ஆங்கில அறிவுக் குறைவும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. அதன் பின்னர் இந்திய வானில் வரும் பயணி விமானங்களுக்கு மோதலை எச்சரிக்கும் கருவி கட்டாயமாக்கப்பட்டது. ஓர் எண்ணைக் கேட்டு, விளங்கிக்கொண்டு, அதன்படி நிற்பது எவ்வளவு பெரிய பொறுப்பு!

இதில் நமக்கென ஒரு பயனும் உண்டு. ஊர்ப்புறத்துப் பள்ளிகளில் தமிழ்வழி பயின்று இங்கு வந்தவர்கள் நம்மில் பலர். நாலு பேர் நடுவே ஆங்கிலம் பேச நா எழாது. எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. சில நாள் கேட்டுக்கொண்டே இருந்தேன். எங்கள் குழுவில் கோவைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் உண்டு. அவர் ஒருநாள், "வேகமாப் பேச வேண்டாம் தம்பி, தெளிவாப் பேசினாப் போதும். புரியலைன்னா மறுபடி கேளுங்க, அதுல குறைவே இல்லை" என்றார். வானொலியில் இலக்கிய நடை தேவையில்லை. அளந்த சொற்கள் போதும். பிரெஞ்சுக்காரரும் சப்பானியரும் அதே சொற்களைத்தான் தம் ஒலியில் சொல்கிறார்கள். "மீண்டும் சொல்க" என்று கேட்பதை அங்கே எவரும் இழிவாக நினைப்பதில்லை. இந்தத் துணிவு எனக்கு வகுப்பறையிலும் கைகொடுத்தது.

எல்லை எது?

இக்கலையை மிகைப்படுத்தவும் கூடாது. நாற்காலியில் இருப்பவர்க்கு உடல் அழுந்துவதோ, வயிறு குலுங்குவதோ தெரியாது. திரையில் விழுந்தால் மீண்டும் தொடங்கலாம்; வானில் அது நடவாது. நம் நாட்டில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் மெய்யாகப் பறந்திருக்க வேண்டும். வீட்டுக் கணினியில் ஓட்டிய மணி ஒன்றும் அதில் சேராது. அந்தப் பயிற்சிக்கு ஆகும் செலவோ நம் போன்றோர் குடும்பங்களுக்கு எட்டாதது. எட்டாத ஒன்றின் அறிவாவது எட்டட்டும் என்பதே என் கருத்து.

தொடங்க விரும்புவோர்க்கு ஒரு சொல். பிளைட்கியர் என்னும் சிமுலேட்டர் 1997 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. எடுத்த எடுப்பில் பெரிய ஜெட் விமானம் வேண்டாம். செஸ்னா 172 என்னும் சிறு விமானத்தில் தொடங்குங்கள். தெளிந்த வானில் ஒரே விமான நிலையத்தைச் சுற்றிச் சுற்றி ஏறி இறங்கிப் பழகுங்கள். கை பழகிய பின் இணையத்தில் சேர்ந்து, முதலில் கேளுங்கள், பிறகு பேசுங்கள். கணினி ஒன்றே இருந்தாலும் போதும். எங்கள் அறையில் ஒருவர் ஓட்ட, ஒருவர் வரைபடம் பார்க்க, ஒருவர் வானொலி கேட்க, ஒருவர் கணக்குப் போடுகிறார். ஐந்தாவது நாற்காலி ஒன்று இன்னும் காலியாகவே இருக்கிறது. விரும்புவோர் வரலாம்.